இரண்டு ஸ்ரீயும் ஒரு நாற்பதாயிரமும்

"உங்களுக்கு வயசு எழுபத்தொண்ணு. இப்போ போய் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதிக்கிட்டு இருக்கீங்களே, இதெல்லாம் தேவையா சார்?"

போன வாரம் காலை நடையில் நண்பர் கேட்ட கேள்வி. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர். தினமும் ஐந்தரை மணிக்கு செங்கம் ரோட்டில் சேர்ந்து, கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, டீக்கடையில் முடிப்பது எங்கள் நால்வரின் வழக்கம். அவர் கேட்டதும் மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதியது. அவர் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

முதலில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் குறிப்புகளை எல்லாம் கணினியில் வெறும் எழுத்துக் கோப்புகளாக வைத்திருக்கிறேன். வெறும் எழுத்து என்றால் நோட்பேடில் அடித்தால் வருமே, அதுதான். தடித்த எழுத்து கிடையாது, படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. அந்தக் கோப்புகளைத் திறந்து எழுத, தேட, ஒழுங்குபடுத்த ஈமாக்ஸ் என்ற பழைய எழுதிப் பயன்படுத்துகிறேன். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்டது, இலவசம். அதற்குள் ஆர்க்-மோடு என்று ஒரு குறிப்பேட்டு வசதி. ஆம்ஸ்டர்டாமில் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் பேராசிரியர் தன் சொந்தத் தேவைக்காக 2003-ல் எழுதத் தொடங்கியது. வரித் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உள்தலைப்பு. டேப் விசையைத் தட்டினால் தலைப்புக்குக் கீழே உள்ளது மடங்கிக்கொள்ளும், மறுபடி தட்டினால் விரியும். வேலைப் பட்டியல், தேதி, நினைவூட்டல் எல்லாம் அதிலேயே உண்டு. ஆனால் கோப்பு என்னவோ கடைசி வரை வெறும் எழுத்துதான். நாளைக்கு ஈமாக்ஸே உலகத்தில் இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

இதற்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்டால், இரண்டு கதை சொல்ல வேண்டும். ஒன்று என் மனைவியைப் பற்றியது. இன்னொன்று என் தம்பி மகனைப் பற்றியது.

* * *

என் மனைவி 2019 ஆவணியில் போனாள். அதற்கு முன் நான்கு வருஷம் சர்க்கரை, ரத்த அழுத்தம், பிறகு சிறுநீரகம். அவளுடைய மருந்து, அளவு, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் போனில் ஒரு குறிப்புச் செயலியில் எழுதி வந்தோம். மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது போட்டுக்கொடுத்தது. அழகாக இருக்கும். மஞ்சள் பக்கம், பச்சைப் பக்கம், பக்கத்தில் போட்டோ கூட ஒட்டலாம். படுக்கையில் இருந்த நாட்களில் அவள் சொல்லச் சொல்ல நான் வேறு விஷயங்களும் எழுத ஆரம்பித்தேன். அவள் அம்மா வைக்கும் வத்தக்குழம்பின் அளவு, சாம்பார்ப் பொடிக்கு எவ்வளவு தனியா, எவ்வளவு மிளகாய். அவள் வீட்டுப் பக்கம் நான்கு தலைமுறைப் பெயர்கள். சின்ன வயதில் ஆரணியில் இருந்தபோது தறிச் சத்தத்தோடு தூங்கியது. யார் கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்ற கணக்கு. இருநூறு குறிப்புக்கு மேல் இருக்கும்.

அந்தச் செயலியின் கணக்கு அவளுடைய செல் நம்பரில் தொடங்கியது. அவள் போன பிறகு அந்த நம்பருக்கு யார் ரீசார்ஜ் செய்வது? எனக்குத் தோன்றவில்லை. சில மாதம் கழித்து மகன் எனக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். பழையதில் திரை போய்விட்டது. புதிதில் செயலியைப் போட்டால் ஓடிபி கேட்டது. ஓடிபி அவள் நம்பருக்குப் போனது. அந்த நம்பர் அதற்குள் ரத்தாகிவிட்டிருந்தது. மகன் எழுதாத கடிதம் இல்லை. "உங்கள் பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி" என்று பதில் வந்தது. விதி சரிதான், அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டியது நான். ஆனால் அந்த நான்கு வருஷத்தில் எனக்கு ஒரு தரம் கூடத் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு: நான் எழுதுகிறேனே, இது எங்கே இருக்கிறது?

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஒன்றும் எனக்கு இருந்தது. 2001-ல் என் அப்பாவை உட்கார வைத்து, அவர் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லிக் கணினியில் அடித்தேன். அந்தக் காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தமிழ் எழுத்துரு விற்றது. ஒருவர் அடித்தது இன்னொருவர் கணினியில் தெரியாது. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி தமிழ்99 விசைப்பலகை, டாம், டாப் குறியீடுகள் என்று தரப்படுத்தினார்கள். இணையத் தமிழர்கள் டிஸ்கி என்று ஒன்று வைத்திருந்தார்கள். பிறகு யூனிகோடு வந்து நிலைத்தது. தமிழ்நாடு அரசு 2010-ல்தான் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. 2014-ல் நான் அப்பாவின் கோப்பைத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை. வயிறு கலங்கிவிட்டது. ஆனால் அது ஒழுங்கான குப்பை. எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு அட்டவணை இருந்தால் போதும். இணையத்தில் இலவசமாக எழுத்துரு மாற்றி கிடைத்தது. ஒட்டினேன், அழுத்தினேன், அப்பா வரி வரியாகத் திரும்பி வந்தார். எந்த ஓடிபியும் அவர் கேட்கவில்லை.

மதுரைத் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998 பொங்கலில் தொடங்கி, உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளமில்லாமல் சங்க இலக்கியம் முதல் தட்டச்சு செய்து வலையேற்றினார்கள். டிஸ்கியில் இருந்தது பிறகு யூனிகோடுக்கு வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் யாரோ விரலொடிய அடித்தது இன்றும் உங்கள் போனில் படிக்க முடிகிறது என்றால் காரணம் இதுதான். அது வெறும் எழுத்தாக, எவர் கையிலும் இருக்கும்படி இருந்தது. ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் அந்த நிறுவனத்தோடு போயிருக்கும்.

* * *

2020 ஜனவரியில் மகனை உட்கார வைத்து ஈமாக்ஸ் கற்றுக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எதற்கெடுத்தாலும் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்த வேண்டும். சுண்டு விரல் வலிக்கும். முதல் வாரம் வெளியேறுவது எப்படி என்று தெரியாமல் கணினியையே அணைத்திருக்கிறேன். தமிழ் எழுத்துகள் வேறு சில நேரம் கோணலாகத் தெரிந்தன. அந்த வருஷம் ஆகஸ்டில் வந்த 27-ஆம் பதிப்பில் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பகுதியை மாற்றினார்கள், அதன் பிறகு சரியாயிற்று.

மெல்ல மெல்ல எனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன். வேலைப் பட்டியலில் ஆங்கிலத்தில் 'டூடூ' என்று வரும் இடத்தில் 'செய்ய' என்றும், 'டன்' என்ற இடத்தில் 'முடிந்தது' என்றும் வரச் செய்தேன். கோப்பின் மேலே ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியை வெளிர்மஞ்சளாக்கினேன். கண்ட்ரோலோடு பின்சாய்கோடு அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம்.

எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. அட்டவணை போட்டால் தமிழில் கோடு நேராக வராது. ஆங்கில எழுத்து எல்லாம் ஒரே அகலம் என்று நினைத்துச் செய்த வசதி அது. நம் 'ணை'க்கும் 'ர'வுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் புரியாது. அட்டவணையை விட்டுவிட்டு வரி வரியாகப் பட்டியல் போடுகிறேன். வருஷா வருஷம் திரும்ப வரும் நாளுக்கு, தேதி பக்கத்தில் ஒரு குறி போட்டால் தானே அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கும். பிறந்த நாளுக்குச் சரி, திதிக்கு என்ன செய்வது? ஈமாக்ஸோடு வரும் நாள்காட்டியில் மாயன் நாள்காட்டி இருக்கிறது, பிரெஞ்சுப் புரட்சிக்கால நாள்காட்டி கூட இருக்கிறது. நம் பஞ்சாங்கம் இல்லை. பௌர்ணமி நேரம் மட்டும் காட்டும். அது காட்டுவது சந்திரன் முழுதாகும் கணம், அதாவது பௌர்ணமித் திதி முடியும் நேரம். கிரிவலத்துக்கு எப்போது கிளம்பலாம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனவே வருஷம் பிறந்து பஞ்சாங்கம் வந்ததும் பன்னிரண்டு பௌர்ணமியையும் என் மனைவியின் திதியையும் கையால் பதிகிறேன். அரை மணி நேர வேலை. அதில் எனக்கு வருத்தமில்லை.

* * *

இப்போது இரண்டாவது கதை. நண்பர் கேலி செய்யக் காரணமான கதையும் இதுதான்.

என் தம்பி மகன் ஒருவன். பெயர் சொல்ல மாட்டேன், 'ஸ்ரீ' என்று தொடங்கும். 2021-ல் வேலை போய்க் கஷ்டப்பட்டபோது நாற்பதாயிரம் கொடுத்தேன். கடன் என்று அவன்தான் சொன்னான், நான் சொல்லவில்லை. 2023 கடைசியில் எனக்கு ஒரு மருத்துவச் செலவு வந்தது. குறிப்பில் அவன் பெயரைத் தேடினேன். கொடுத்த நாள் வந்தது, அவன் நன்றி சொல்லிப் பேசிய நாள் வந்தது, வேறு ஒரு குறிப்பு வந்தது. திருப்பிக் கொடுத்ததாக ஒன்றுமே இல்லை. மனசுக்குள் ஏதோ கொடுத்தான் போல நினைவு. ஆனால் எழுபது வயது நினைவை நம்புவதா, எழுதி வைத்ததை நம்புவதா? எழுதி வைத்ததை நம்பினேன். போன் செய்தேன். "பணம் இருக்கும்போது கொடு" என்றுதான் தொடங்கினேன். "குடுத்துட்டேனே பெரியப்பா" என்றான். "நான் எழுதி வைக்காம விடற ஆள் இல்லடா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி பெரியப்பா, அனுப்பறேன்" என்று வைத்துவிட்டான்.

பத்து நாள் கழித்து வேறு எதற்கோ முந்தின வருஷ தீபத்தன்று வீட்டுக்கு வந்தவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடவில்லை, கண்ணால் வரி வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி: இன்னார் 25,000 கையில் கொடுத்தான், கணக்கு நேர். அவன் பெயர்தான், நான் எழுதியதுதான். கொஞ்சம் மேலே போனால், அதே வருஷம் சித்திரையில் 15,000.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த வரி கண் முன்னால் இருக்கிறது, அவன் பெயரைத் தேடினால் மட்டும் வரவில்லை. அதே எழுத்து, அதே வடிவம். ஆனால் கணினி "இல்லை" என்கிறது.

ஈமாக்ஸில் ஒரு வசதி உண்டு. ஒரு எழுத்தின் மேல் சுட்டியை வைத்து, கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்திவிட்டுச் சமன்குறியைத் தட்டினால், கணினி அந்த எழுத்தை என்ன எண்ணாக வைத்திருக்கிறது என்று கீழே காட்டும். கடன் கொடுத்த வரியில் அவன் பெயரின் முதல் எழுத்தில் வைத்தேன். 3000 என்றது. திருப்பிக் கொடுத்த வரியில் வைத்தேன். 2998 என்றது.

அப்போதுதான் புரிந்தது. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'ஸ்ரீ' கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கிறது. முன்பு 'ஸ்' என்ற எழுத்தோடு 'ரீ' சேர்த்து அதை உண்டாக்கினார்கள். அந்த 'ஸ'தான் 3000. 2005-ல் யூனிகோடில் 'ஶ' என்ற எழுத்தைத் தனியாகச் சேர்த்தார்கள். அது 2998. ஒலிப்படி அதுதான் சரி என்று 'ஶ்' என்பதோடு 'ரீ' சேர்த்து எழுதும் முறை வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒரே வடிவம். என் கணினி விசைப்பலகை முதல் விதத்தில் அடிக்கிறது. போனில் இருந்த விசைப்பலகை இரண்டாவது விதத்தில் அடித்தது. அவன் பணம் கொடுத்த இரண்டு நாளும் நான் போனில் குறித்து, பிறகு கணினிக்கு மாற்றியிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். இரண்டு எண் வித்தியாசத்தில் ஒரு நல்ல பையனைத் திருடனாக்கிவிட்டேன்.

அன்று இரவே அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல பெரியப்பா" என்றான். "அப்பவே ஏண்டா சண்டை போடலை, எழுதி வெச்சிருப்பியே?" என்று கேட்டேன். "நான் எங்க பெரியப்பா எழுதி வெச்சேன். நீங்க எழுதறதைப் பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்றான்.

* * *

இதைத்தான் நண்பரிடம் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா, உங்க ஈமாக்ஸே உங்களை ஏமாத்திடுச்சு. நல்ல ஆப்புல போட்டிருந்தா இந்த வம்பே இல்ல."

ஐயா, ஆப்பு என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அவருடைய போனையே வாங்கி, அவருடைய செயலியிலேயே ஒரே பெயரை இரண்டு விதமாகவும் அடித்துத் தேடிக் காட்டினேன். அதிலும் ஒன்றுதான் வந்தது. கோளாறு இரண்டு இடத்திலும் உண்டு. என்னுடையதில் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க முடிந்தது. எந்த எழுத்து, என்ன எண், எங்கே தப்பு என்று எனக்கே தெரிந்தது. செயலியில் இருந்திருந்தால் "தேடியது கிடைக்கவில்லை" என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும். என் தம்பி மகன் ஏமாற்றிவிட்டான் என்று நம்பிக்கொண்டே நான் போயிருப்பேன். அவன் தன் பிள்ளைகளிடம் பெரியப்பாவைப் பற்றி என்ன சொல்லியிருப்பான்?

பார்த்ததோடு நிற்கவில்லை, சரியும் செய்தேன். எல்லாக் கோப்புகளிலும் இரண்டாம் வகை ஸ்ரீயை முதல் வகையாக மாற்றினேன். எது சரியான ஸ்ரீ என்பது அறிஞர்கள் சண்டை, எனக்கு ஒரே மாதிரி இருந்தால் போதும். இனிமேல் போனிலிருந்து எது வந்து சேர்ந்தாலும், கோப்பைச் சேமிக்கும்போது தானே திருத்திக்கொள்ளும்படி ஆறு வரியில் ஒரு கட்டளை எழுதினேன். நண்பர் "புரோகிராம்" என்று சொன்னது இந்த ஆறு வரியைத்தான். முதல் தடவை அதிலும் தப்புச் செய்தேன். 'ஶ்ரீ' என்பதை மட்டும் மாற்றாமல் எல்லா 'ஶ'வையும் 'ஸ' ஆக்கிவிட்டேன். அப்பா நோட்டிலிருந்து எடுத்தெழுதிய சுலோகங்களில் 'ஶிவ' எல்லாம் 'ஸிவ' ஆகிவிட்டது. நல்ல வேளை, ஈமாக்ஸ் பழைய பிரதி ஒன்றைப் பெயருக்குப் பின்னால் ஒரு நெளிகோடு போட்டுத் தானே வைத்திருக்கும். அதிலிருந்து மீட்டேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். 'ொ' என்ற ஒகரக் குறியைச் சில இடங்களில் ஒரே குறியாகவும், சில இடங்களில் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடித்திருக்கிறது. ஒன்று 3018, மற்றது 3014-ம் 3006-ம். 'கொடுத்தான்' என்று தேடினால் பாதிதான் வரும். இதை ஒருமைப்படுத்தும் கட்டளை ஈமாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடித்தது, காலுக்குப் பதில் 'ர' போட்டது, இவை மட்டும் கையால்தான் திருத்த வேண்டும். இவை நம் தப்பு. கணினி மேல் போடக் கூடாது.

* * *

நண்பர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். "நோட்டுப் புத்தகம் போதாதா?" என்றார் இன்னொருவர். போதும், பலருக்கு அதுவே உத்தமம். நாம் இருக்கும் இடமே நோட்டுப் புத்தகங்களால் ஆன இடம். தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, என்னைப் போல ஒரு சர்க்கார் ஊழியர், 1902-ல் மலைக்கு வந்து கேட்ட கேள்விகளும், மௌனமாக இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களும்தான் 'நான் யார்?'. அது அச்சானது 1923-ல். இருபது வருஷத்துக்கு மேல் ஒருவர் குறிப்பாக இருந்தது. முனகால வெங்கடராமையா 1935 முதல் 1939 வரை குறித்து வைத்ததும், தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பும் அப்படித்தான் புத்தகமாயின. அந்தத் தாள்களைத் திறக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கையில் எடுத்தால் படிக்கலாம். நான் கேட்பது அதே உரிமையைத்தான். எனக்குக் கை நடுக்கம், கண்புரை, வீட்டில் கரையான். அதனால் கணினி. தாளுக்கு இருந்த குணம் கணினியிலும் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

"வெறும் எழுத்து என்றால் யார் வேண்டுமானாலும் படித்துவிடுவார்களே?" சரியான கேள்வி. அதனால் வங்கிக் கடவுச்சொல், ஏடிஎம் எண் எதுவும் அதில் இல்லை. மற்றதை என் பிள்ளைகள் படிக்கட்டும், அதற்காகத்தானே எழுதுகிறேன்.

"வாயால் சொன்னால் போன் எழுதுகிறதே?" எழுதட்டும், நானும் சொல்லி எழுதுகிறேன். ஆனால் அன்று ராத்திரிக்குள் அது என் கோப்புக்கு வந்துவிடும்.

என் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் கருவியில் ஒரு போதை உண்டு. ஒரு தடவை மூன்று நாள் எழுத்துருவும் நிறமும் மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி எழுதவில்லை. பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தால் கடிதம் முடியுமா? எல்லோரும் ஈமாக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. நோட்பேடே போதும்.

என் கோபம் வேறு. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் இருந்த மனிதர், ஒரு பைசா வித்தியாசம் வந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து கண்டுபிடித்தவர். பேரேடு எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருடைய சொந்தப் பேரேடு எங்கே இருக்கிறது என்று இன்று கேட்டால், "பையனைக் கேக்கணும்" என்கிறார். வயதானால் இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று யார் சொன்னது? நாமேதான் சொல்லிக்கொள்கிறோம். நமக்கு நினைவு குறைகிற காலம் இது. எழுதி வைத்ததை நம்பி வாழ வேண்டிய காலம். அந்த எழுத்து எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட அவசியமான வயது எது?

பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயில் ஏறாதீர்கள். அவர் எழுதியதை ஒரு பென் டிரைவில் எப்படி எடுப்பது என்று காட்டிவிட்டு ஏறுங்கள். ஐந்து நிமிஷம் ஆகாது.

படிக்கும் உங்களுக்கு ஒரு சின்னச் சோதனை. வீட்டு வைஃபையையும் போன் டேட்டாவையும் அணையுங்கள். உங்கள் குறிப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால், அதை ஒரு பென் டிரைவில் போட்டு, பக்கத்து வீட்டுக் கணினியில் திறந்து பாருங்கள். அங்கேயும் தமிழ் தமிழாகத் தெரிந்தால், உங்கள் ஊர்ப் பெயர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். நம் பகுதிக்காரர்கள் 'ஸ்ரீ' என்றே தேடலாம், அந்த எழுத்து இல்லாத பக்கம் நம் குறிப்பில் இருக்காது. மூன்றிலும் தேறினால் நீங்கள் எழுதியது உங்களுடையது. இல்லாவிட்டால் அது வேறு யாரோ உங்களுக்குக் கொடுத்திருக்கும் வாடகை வீடு, எப்போது வேண்டுமானாலும் பூட்டு மாறும்.

என் குறிப்பு மொத்தமும் இன்று ஒரு போட்டோ அளவு கூட இல்லை. வீட்டுக் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, பெங்களூரில் மகனிடம் ஒன்று. பொங்கலுக்குப் பொங்கல் முக்கியமானதை மட்டும் அச்செடுத்துத் தைத்து வைக்கிறேன். அதில் என் மனைவியின் பெயரில் ஒரு தலைப்பு உண்டு. அவள் சொன்னதில் எனக்கு நினைவு வந்ததை எல்லாம் அதில் எழுதி வருகிறேன். இருநூறில் முப்பது கூடத் தேறவில்லை. வத்தக்குழம்புக்குப் புளி அளவு நினைவிருக்கிறது, பொடி அளவு நினைவில்லை. அவள் தங்கையைக் கேட்டேன். "அக்கா கைக்குத்தான் தெரியும்" என்றாள்.

யாருக்காவது பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு திறக்காமல் கிடந்தால், பென் டிரைவோடு மாலை நாலு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். ஆசிரமத்தின் பின்பக்கத் தெருவில் கேட்டால் சொல்வார்கள். காபி உண்டு. வங்கி நண்பரே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.